ஓட்டக் கூடாதவள்

அத்தியாயம் 9

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன் பொய் சொல்ல ஆரம்பித்தால், வீட்டில் முதலில் கெட்டுப்போவது கார்தான். இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஸ்டாசாக் வீட்டு வெள்ளி நிறக் கார் டிசம்பரிலிருந்து பதினோரு தடவை கிளம்ப மறுத்திருக்கிறது. பனி கொட்டுகிற நாட்களில் மட்டும்தான் அதற்கு இந்த வியாதி. பனி நின்றதும் மருந்தில்லாமல் குணமாகிவிடும்.

"இது காரா, மூட்டுவலிக்காரியா?" என்று வீட்டுக்காரி ரோக்ஸான் அதன் டயரை உதைத்திருக்கிறாள்.

வியாதி அவள் புருஷன் லென் ஸ்டாசாக்கின் சட்டைப் பையில் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு ஒரு நீல ஃபியூஸ். அதைப் பிடுங்கிவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. மகள் மாலரி காரை எடுத்துவிடக் கூடாது என்று பயம் வரும்போதெல்லாம், அப்பன்காரன் அதிகாலையில் பானட்டைத் திறந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான்.

ஏன் பயம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மாலரி அந்தக் காரை ஓட்டினால், அந்த நிமிடம் முதல் அந்தக் காருக்கு இன்சூரன்ஸே கிடையாது. அவள் யாரையாவது இடித்தால் வீடு போய்விடும்.

அக்டோபரில் அவளுக்கு லைசன்ஸ் வந்தது. பதினேழு வயதுப் பிள்ளையைப் பாலிசியில் சேர்க்க மிச்சிகனில் கேட்கிற தொகை, அந்தக் காரை விற்றால்கூட வராது. லென் எல்லாக் குறுக்கு வழியும் பார்த்தான். பள்ளியில் பி கிரேடு வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். மாலரி வேதியியலோடு மல்லுக்கட்டி வாங்கி வந்தாள். டிரைவிங் பள்ளியில் கூடுதலாக ஒரு வகுப்பு, அதற்கும் சான்றிதழ். பழைய வண்டிதானே என்று அதன் சொந்தச் சேதத்துக்கான பகுதியையே வெட்டினான். எல்லாம் வெட்டியும் மாதத்துக்கு இருநூற்று எண்பது டாலர் கூடுதலாக நின்றது.

"சேத்துடு. சனிக்கிழமை ஷிஃப்ட் நான் எடுத்துக்கறேன். அந்தப் பணம் அவ இன்சூரன்ஸுக்கு" என்றாள் ரோக்ஸான். முதியோர் இல்லத்தில் வாரம் ஐந்து இரவு வேலை பார்க்கிறவள் ஆறாவதாக ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

அதே மாதம் லென் வேலை பார்க்கிற கிடங்கில் ஓவர்டைம் நின்றது. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மகளைச் சேர்க்கப் போனவனிடம், பள்ளித் தோழனும் ஏஜென்ட்டுமான கிளிஃப் வேறு ஒரு தாளைக் காட்டினான்: இந்தப் பெண் இந்த வண்டியை ஓட்ட மாட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பைசா ஏறாது.

"ஆனா ஓட்டினான்னா கம்பெனி கையக் கழுவிடும்டா. அவளுக்கு மட்டும் இல்ல, உங்க மூணு பேருக்கும். புரியுதா?" என்றான் கிளிஃப்.

புரிந்துதான் போட்டான் கையெழுத்து. மூன்று மாதம் போதும், ஓவர்டைம் திரும்ப வந்ததும் சேர்த்துவிடலாம் என்று கணக்கு. மனைவியின் சனிக்கிழமைப் பணம் வீட்டுக் கடனுக்குப் போனது. "சேத்தாச்சு" என்று வீட்டில் சொன்னான். சொன்னதோடு விட்டானா? மாலரியின் ஓட்டத்தைக் கம்பெனி கண்காணிக்கிறது, நன்றாக ஓட்டினால் இன்னும் குறையும் என்று, கடையில் வாங்கிய ஏதோ ஒரு பெட்டியை டாஷ்போர்டுக்குக் கீழே சொருகி வைத்தான். அதில் பச்சை விளக்கு மினுக்கும். பனியில்லாத நாட்களில் அவள் ஓட்டுவதைத் தடுக்கச் சாக்கு இல்லாமல், கடவுள் விட்ட வழி என்று விட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வந்து நிற்பாள்.

"அப்பா, என் ஸ்கோர் வந்துச்சா?"

"தொண்ணூத்தி மூணு."

"போன வாரம் தொண்ணூத்தி ஒண்ணு! ரெண்டு ஏறியிருக்கு!"

இதைக் கேட்டுவிட்டு அந்த மனுஷனுக்குச் சோறு எப்படி இறங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இது பிப்ரவரி. நாளை சாம்பல் புதன். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அவர்கள் குடியிருக்கிற டவுன்ரிவர் பக்கத்துப் போலிஷ் குடும்பங்கள் யாரும் வீட்டில் சும்மா இருக்க மாட்டார்கள். தவக்காலம் தொடங்குவதற்குள் நெய்யும் சர்க்கரையும் தீர வேண்டும் என்று, ஜாம் அடைத்துப் பொரித்த பூஞ்ச்கிக்காக விடியும் முன்பே பேக்கரி வாசலில் வரிசை கட்டுவார்கள். போலிஷ் இல்லாதவர்களும் அன்றைக்கு மட்டும் போலிஷ்தான்.

காலை ஐந்துக்கு லென் வெளியே வந்தபோது முழங்கால் உயரம் பனி விழுந்திருந்தது. பானட்டைத் திறந்தான், ஃபியூஸைப் பிடுங்கினான், தன் பிக்கப்பில் ஏறிக் கிடங்குக்குப் போனான். அன்றைக்குப் பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவிப்பு வந்திருந்தது. மாலரி தூங்குவாள், பள்ளிக்குப் பேருந்தில் போவாள். ரோக்ஸான் வழக்கம்போல் கூட வேலை பார்க்கிறவளின் காரில் வந்துவிடுவாள். நிம்மதியாகவே போனான்.

ஆறே காலுக்கு மாலரியின் போன் அடித்தது.

"மால், எழுந்திரு கண்ணு. எனக்கு அடுத்து வர்ற ஆள் பனியில மாட்டிக்கிச்சு. ஒம்பது வரைக்கும் என்னால நகர முடியாது" என்றாள் ரோக்ஸான். "பேக்கரில ஆறு டஜன் சொல்லி வச்சிருக்கேன், பணம் குடுத்தாச்சு. இங்க இருக்கறதுங்க நாலு மணியில இருந்து உக்காந்துட்டு பூஞ்ச்கி எங்க பூஞ்ச்கி எங்கன்னு என் உசிர வாங்குதுங்க. நீ போய் வாங்கிட்டு வந்துடு."

"கார் கிளம்பாதும்மா. பனி பெஞ்சிருக்கு."

"அந்தச் சனியன... சரி, ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாரு. கெளம்பலன்னா விட்டுடு."

மாலரி முயற்சி பண்ணினாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. வேறு பிள்ளையாக இருந்தால் மறுபடி போய்ப் படுத்திருக்கும். இவள் பனியில் நின்று, போனில் ஒரு வீடியோவைப் போட்டு, பானட்டுக்குள் இருக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருந்தது. பெட்ரோல் பம்ப் என்று எழுதிய இடம் காலியாக இருந்தது.

கருகிப்போயிருந்தால் அவளுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. இங்கே ஃபியூஸே இல்லை. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஹாரனுக்கும் அதே அளவு, அதே நீலம். அதைப் பிடுங்கி இங்கே சொருகினாள். கார் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள்.

"அப்பா! வியாதி என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன்! ஒரு ஃபியூஸ் எங்கயோ விழுந்து போயிருக்கு. ஹாரனோடதை எடுத்துப் போட்டேன், ஓடுது. பேக்கரிக்குப் போறேன். உங்களுக்குப் பிளம் ஜாமா, கஸ்டர்டா?"

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்தச் செய்தி இருட்டில் கிடந்தது.

பேக்கரி வரிசை தெரு முனையைத் தாண்டி வளைந்திருந்தது. முன்னால் சிவப்புக் கோட்டுக்காரி ஒருத்தி மாலரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ ரோக்ஸான் பொண்ணுதானே? தனியாவா வந்த? இந்தப் பனியில?"

"நல்லா ஓட்டுவேன். என் ஸ்கோர் தொண்ணூத்தி அஞ்சு."

"அப்படியா! எங்க வீட்டுக்காரருக்கு அம்பதுகூட வராது. அவர் ஓட்டினா நான் ஜெபமாலையோடதான் ஏறுவேன்."

வரிசை சிரித்தது. மாலரியும் சிரித்தாள். ஒரு மணி நேரம் நின்று ஆறு பெட்டிகளை வாங்கிப் பின்சீட்டில் அடுக்கி, பெல்ட் போட்டு அவற்றைக் கட்டினாள். எட்டு மணிக்குக் கிளம்பினாள். மெதுவாகத்தான் ஓட்டினாள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், பின்னால் எல்லாரும் வேறு மாதிரிப் பேசப் போகிறார்கள்.

தெருவின் இரு பக்கமும் பேக்கரிக்கு வந்தவர்களின் கார்கள் நெருக்கமாக நின்றன. இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் தெருவில் இறங்கினார். கையில் மூன்று பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக, மூக்கு வரைக்கும். அவருக்குத் தெரு தெரியவில்லை.

மாலரி ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. உள்ளங்கையால் மறுபடி மறுபடி அடித்தாள், வரவில்லை. அப்புறம்தான் கால் பிரேக்குக்குப் போனது. பனிக்கட்டியின் மேல் கார் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

எட்டு நாற்பதுக்கு லென்னின் தேநீர் இடைவேளை. லாக்கரைத் திறந்து போனை எடுத்தான். மகளின் செய்தியைப் படித்தான். பிளம் ஜாமா கஸ்டர்டா என்ற வரி வரைக்கும் வந்துவிட்டு மறுபடி மேலே போனான். *ஓடுது. பேக்கரிக்குப் போறேன்.* ஆறு இருபத்தெட்டுக்கு வந்திருக்கிறது.

அழைத்தான். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தான். ஐந்து தடவை.

"என்ன லென், மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்று பக்கத்து லாக்கர்க்காரன் கேட்டான். லென் வெளியே போய், லாரிகள் நிற்கிற இடத்தில் நின்று கிளிஃபைக் கூப்பிட்டான்.

"கிளிஃப், மாலரியைச் சேத்துடு. இப்பவே."

"காலங்காத்தாலயா? வாய்ல பூஞ்ச்கியோட உக்காந்திருக்கேன்டா. மத்தியானம் ஆபீஸுக்கு வா."

"இல்ல, இப்ப. இந்த நிமிஷம். எவ்வளவு ஆனாலும் சரி, என் கார்டுல எடுத்துக்க."

எதிர்முனையில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பனி. பயமா இருக்கு. அவ்வளவுதான்."

"அப்பவே சொன்னேன், கேட்டியா?" விசைப்பலகை தட்டுகிற சத்தம். "சரி, ஓட்டக் கூடாதுங்கறதை எடுத்துட்டு உள்ள சேக்கறேன். இந்த நிமிஷத்துல இருந்துதான் செல்லும், முன்தேதி போட முடியாது. இரு, ஒரு கேள்வி கேக்கணும். இந்த லைன் பதிவாகுது, அதனால யோசிச்சு சொல்லு. இன்னிக்கு இதுவரைக்கும் அவ ஓட்டி விபத்து எதுவும் நடந்திருக்கா, உனக்குத் தெரிஞ்சு?"

லென் வாயைத் திறந்தான். ஐந்து தடவை எடுக்காத போன் அவன் கண் முன்னால் நின்றது. தெரிந்து என்றால், அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? அந்த நேரத்தில் அவனுக்கு ஒன்றாகத்தான் பட்டது.

"இல்ல."

"நடக்கலைன்னு போடறேன்?"

"போடு."

போனுக்கு ஒரு தாள் வந்தது. விரலால் கையெழுத்துக் கிறுக்கினான். உறுதி செய்த மின்னஞ்சல் எட்டு ஐம்பத்தொன்றுக்கு வந்தது. லென் லாரியின் சக்கரத்தில் சாய்ந்தபடி, அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். இன்றைக்கே அந்த ஃபியூஸைத் திரும்ப வைத்துவிட வேண்டும். ஓவர்டைம் விஷயத்தையும் ரோக்ஸானிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவாள், பாத்திரத்தை உருட்டுவாள், அப்புறம் சரியாகிவிடும்.

நான்கு நிமிடம் அந்த நிம்மதி இருந்தது. பாவம், அதையாவது அனுபவித்தானே.

"லென், உன் பிரேக் நேரம் பாத்துக் கூப்பிடறேன்" என்றாள் ரோக்ஸான். பின்னால் காற்றும் யாரோ பேசுகிற சத்தமும். "முதல்ல கேட்டுக்கோ, மாலரிக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கீறல்கூட இல்ல. நான் இல்லத்துல இன்னொருத்திய நிக்க வச்சுட்டு பேக்கரித் தெருவுக்கு ஓடி வந்துட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ஒருத்தரை இடிச்சிட்டா. அறுபது அறுபத்தஞ்சு வயசு இருக்கும். ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போ என்கிட்டப் பேசினார், அப்புறம் பேச்சு இல்ல. இடுப்புங்கறாங்க. தலையிலயும் அடி." அவள் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இருந்தது. பயப்படுகிறவர்களிடம் இப்படித்தான் பேசுவாள். "ஹாரன் அடிக்கல, ஹாரன் அடிக்கலன்னு அதையே சொல்லிட்டிருக்கா புள்ள. போலீஸ் வண்டிக்குள்ள உக்கார வச்சிருக்காங்க, குளிருதுன்னு."

"எத்தனை மணிக்கு?"

"இப்ப அதுவா முக்கியம்? எட்டு அஞ்சு, எட்டு ஆறு. அவரோட பையன் வந்துட்டான். எல்லாத்தையும் போன்ல படம் புடிக்கறான். புடிக்கட்டும். நான் அவன் கையப் புடிச்சுச் சொல்லிட்டேன், உங்கப்பாவுக்கு ஆகற செலவு எதையும் நினைச்சு நீ கலங்காதப்பா, எங்க இன்சூரன்ஸ் இருக்கு, என் பொண்ணு பேர்லயே இருக்குன்னு."

"ரோக்ஸ், யார்கிட்டயும் எதுவும் பேசாத. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும்..."

"ஏன் பேசக் கூடாது? மறைக்க என்ன இருக்கு? இதுக்காகத்தான மாசாமாசம் கட்டறோம்." காரின் கதவு திறக்கிற சத்தம். "இரு, ஆபீசர் பேப்பர் கேக்கறார். டாஷ்போர்டுல தான வச்ச?"

"வேண்டாம், ரோக்ஸ். அத விடு."

"கெடச்சிருச்சு." தாள் பிரிகிற சத்தம். "இதோ பாரு, அவ பேரையே தனியாப் போட்டிருக்கான். மாலரி ஜேன் ஸ்டாசாக். கொட்டை எழுத்துல." அவள் குரலில் பெருமை. ஆறு நாள் வேலை பார்க்கிறவளின் பெருமை. "மேல என்னமோ எச்சரிக்கைன்னு... கண்ணாடி இல்லாம... 'கீழே பெயர் குறிப்பிட்டவர் இந்த வாகனத்தை ஓட்டினால்...'"

அவள் நிறுத்தினாள்.

"'...ஓட்டினால் பாதுகாப்பு முழுவதும் ரத்தாகும். எவருக்கும் காப்பீடு இல்லை.'"

இன்னொரு தடவை படித்தாள். இந்த முறை மெதுவாக, இல்லத்தில் கிழவிகளுக்கு மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக.

"லென். இத தப்பா அச்சடிச்சுட்டானா கிளிஃப்?"

அங்கே ஒரு வழி இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், பழி கிளிஃபின் தலையில் போய் உட்காரும், சாயங்காலம் வரைக்கும் தப்பிக்கலாம். லென் அதைப் பார்த்தான். நான் பொய் சொல்ல மாட்டேன், அவன் அதை ஆசையோடுதான் பார்த்தான்.

"இல்ல" என்றான். "ஓவர்டைம் நின்னு போச்சு ரோக்ஸ். அக்டோபர்லயே. உன் பணம் வீட்டுக் கடனுக்குப் போச்சு. அவளைச் சேக்க முடியல. ஆனா இப்ப சேத்துட்டேன். சத்தியமா. சேத்தாச்சு, மெயில்கூட வந்துடுச்சு."

"இப்பன்னா?"

"இப்ப."

"எப்ப, லென்?"

லாரிகளுக்கு நடுவில் பனி மறுபடி விழ ஆரம்பித்திருந்தது. அவன் வாய் தானாகத் திறந்தது.

"எட்டு அம்பத்தொண்ணுக்கு."

எதிர்முனையில் ஒரு ஆண் குரல் என்னவோ கேட்டது. இன்னொரு குரல், இளவயதுக் குரல், கோபமாக நடுவில் புகுந்தது. போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ரோக்ஸானின் குரல், நடுங்காமல், சற்றுத் தள்ளியிருந்து.

"அந்த நேரத்தை இன்னொரு தடவை சொல்லு, லென். எல்லாருக்கும் கேக்கணும். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."